மறுபாதியில் இருந்த கரடி

1

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, பிறகு ஒட்டுநாடா போட்டுச் சேர்த்த படம். ஒரு பாதியில் நான் துவக்கோடு முழங்காலில் இருக்கிறேன். மறுபாதியில் ஒரு கரடி செத்துக் கிடக்கிறது. வெட்டு சரியாக என் இடக்கை மணிக்கட்டின் மேலால் போகிறது. ஆகவே ஆள் ஒரு பக்கம், கை கரடியின் பக்கம். படத்தைத் திருப்பினால், இரண்டு பாதியையும் தொட்டுக்கொண்டு கொழும்பில் உள்ள ஒரு பொலிஸ் நிலையத்தின் ஊதா முத்திரை இருக்கும். எந்த நிலையம் என்று நான் எழுதப்போவதில்லை.

போன கிழமை மகள் அபி இதைச் சுவரிலிருந்து கழற்றினாள். பதின்மூன்று வயது. குடும்பத்தின் கதை ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டுமாம்.

"அப்பா, இதை ஏன் கட் பண்ணினீங்கள்?" என்று கேட்டாள்.

அம்மா மச்சம் மாமிசம் சாப்பிடாதவள், அதனால் என்றேன். அப்படியானால் பொலிஸ் முத்திரை எதற்கு என்று அடுத்த கேள்வி. அந்த முத்திரை குத்தப்பட்ட அறையில் ஆறு வயதுப் பிள்ளையாக இவளும் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாமா டொஃபி தந்தது மட்டும் நினைவாம். அந்த மாமா காக்கிச்சட்டை போட்டிருந்தது நினைவில்லை. அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டுமா, துக்கப்பட வேண்டுமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

வெள்ளவத்தையில் இப்போது மண்மூட்டைகளை எடுத்துவிட்டார்கள் என்றும், காலி வீதியில் பொலிஸ் மறிப்பு இல்லை என்றும் நண்பர்கள் எழுதுகிறார்கள். யுத்தநிறுத்தம் எத்தனை நாள் நிற்குமோ தெரியாது. நிற்கிறபோதே இதை எழுதிவிடுகிறேன். துவக்கு, பயிற்சி, காடு, முகாம் என்ற சொற்கள் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஏழு வருடத்துக்கு முன் இந்தச் சொற்களில் ஒன்றைக் கடிதத்தில் எழுதியிருந்தாலே அங்கே ஒருவருக்கு வினை வந்திருக்கும்.

2

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். அந்த வயதில் நான் கண்ட பெரிய காட்டு மிருகம் துறைமுக மதிலில் ஓடிய எலி. கனடாவில் என்னைக் கொண்டுவந்து விட்ட இடமோ, நாலு பக்கமும் மலை, நடுவே மரம் அரியும் ஆலை ஒன்று, ஒரே ஒரு கடைத்தெரு. ஆலையின் சாப்பாட்டுச்சாலையில் கோப்பை கழுவுபவனாகச் சேர்ந்து சமையற்காரனாக உயர்ந்தேன். மனைவி யோகாவும் கைக்குழந்தை அபியும் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில், ஒரு வீட்டோடு ஒட்டிய வாடகை அனெக்ஸில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடும் பத்திரங்கள் ஒவ்வொரு மேசையாகத் தூங்கி எழும்பின. அப்படி ஆறு வருடம் போயிற்று.

டோரின் என்னோடு அதே குசினியில் வேலை செய்தாள். என் வயதுதான். கணவன் விட்டுப் போனபிறகு இறைச்சிக் கடைக்குப் போவதை நிறுத்தியவள். இலையுதிர் காலத்தில் ஒரு கரடி, வசதிப்பட்டால் ஒரு மான், குளிர்காலம் முழுக்க அதுதான் அவளுடைய சட்டியில். ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் அவளுடைய வாகனத்துக்கு முன்னால் ஒரு கருங்கரடி தெருவைக் கடந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, சத்தமேயில்லை. நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தபடி, அது போனபிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் காய்ச்சல் பிடித்துவிட்டது என்றாள் டோரின். அது வேட்டைக் காய்ச்சலாம்.

ஆசை இருந்தால் போதாது. முதலில் சனிக்கிழமைகளில் வகுப்பு. கருங்கரடியையும் பழுப்புக் கரடியையும் படம் காட்டிப் பிரித்தறியக் கேட்பார்கள். தோளில் திமில் இருந்தால் பழுப்பு, அதைத் தொடக்கூடாது. நிறத்தை நம்பாதே, கருங்கரடி மண்ணிறத்திலும் இருக்கும். குட்டியோடு நிற்பதைச் சுடக்கூடாது. சுட்டால் இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது. நான் ஒன்றையும் விடாமல் கொப்பியில் எழுதி, சோதனைக்குப் படிக்கிற மாதிரிப் படித்தேன்.

துவக்கு அனுமதிக்குத்தான் பயந்தேன். உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி ஒருவர் நேரில் விசாரிப்பார் என்றார்கள். வெள்ளைச் சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கலியாணப் பதிவு, கொழும்பில் வைத்திருந்த பொலிஸ் பதிவுத் துண்டின் பிரதி எல்லாவற்றையும் ஃபைலில் அடுக்கிக்கொண்டு போனேன். அவர் ஃபைலைத் திறக்கவேயில்லை. துவக்கு எதற்கு என்று கேட்டார். கரடிக்கு என்றேன். மனைவிக்குத் தெரியுமா என்றார். அவள் கொழும்பில் இருக்கிறாள், அந்தச் சொல்லைத் தொலைபேசியில் சொல்ல முடியாது என்றேன். பேனையைக் கீழே வைத்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்து வைத்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் இருந்துவிட்டேன். கொழும்பில் டோர்ச் பற்றரி இரண்டு கூடுதலாக வாங்கினாலே யாருக்கு என்று கேட்கப்பட்டவன் நான். ஓர் அரசாங்கம் என் முகத்தைப் பார்த்து, சரி, உன்னை நம்புகிறேன், துவக்கு வைத்துக்கொள் என்கிறது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

3

கரடி வேட்டை என்றால் காட்டுக்குள் ஓடித் திரிவது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது உட்கார்ந்திருப்பது. புரட்டாதி பிறந்தால் மலைச்சரிவுகளில் நாவற்பழ நிறத்தில் சின்னச் சின்னப் பழங்கள் பழுத்துவிடும். கரடிக்கு ஐந்து மாதத் தூக்கம் வரப்போகிறது. அதற்குமுன் உடம்பில் கொழுப்பு ஏற்ற வேண்டும். விடிந்தால் பொழுதுபடும்வரை தின்னும். நாங்கள் எதிர்ச் சரிவில் இருந்து, தூரக்கண்ணாடியால் பற்றை பற்றையாகப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் ஒன்றும் தென்படவில்லை. எனக்கு அலுக்கவுமில்லை. காலையில் பனிப்புகை பள்ளத்தாக்கை விட்டு எழும்புவதும், மேலே முதல் பனி வெள்ளையாகக் கிடப்பதும், வெயில் ஏறஏறச் சரிவு முழுவதும் சிவப்பாக மாறுவதும் பார்த்து முடியாது. இவ்வளவையும் ஒருவரும் காசு வாங்காமல் காட்டுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

காற்றுத்தான் முக்கியம் என்று டோரின் ஓயாமல் சொல்வாள். கரடிக்குக் கண் சுமார், மூக்கோ பொல்லாதது. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க அவளிடம் ஒரு சின்னப் போத்தலில் மாவு இருந்தது. மூன்றாம் நாள் அதை மறந்துவிட்டாள். என் சட்டைப்பையில் விபூதிப் பொட்டலம் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து ஊதினேன். வெள்ளையாக எழும்பி எங்கள் முகத்துக்கே திரும்பியது. நல்ல காற்று, எங்கள் வாசம் கரடிப் பக்கம் போகாது. இதென்ன பவுடர் என்று கேட்டாள். கடவுளுடையது என்றேன். மாவைவிடத் திறம் என்றாள்.

அன்றுதான் அது வந்தது. பற்றைக்குள் ஒரு நிழல் அசைகிற மாதிரி இருந்தது, பிறகு நிழலுக்கு முகம் வந்தது. காதுகள் தலைக்குச் சின்னனாக, இரண்டு பக்கத்திலும் தள்ளித்தள்ளி இருந்தன. அப்படி இருந்தால் பெரிய ஆண் என்று படித்திருந்தேன். குட்டி இல்லை என்று உறுதியாகும்வரை டோரின் அரை மணித்தியாலம் என்னை அசையவிடவில்லை. அது ஒரு கொப்பை முன்னங்காலால் வளைத்து, உதட்டால் ஒவ்வொரு பழமாகப் பிடுங்கித் தின்றது. என்ன பக்குவம். அந்தக் கையால் ஒரு மாட்டை அடித்து விழுத்தலாம், ஆனால் ஓர் இலைகூடக் கிழியவில்லை.

தோளுக்குப் பின்னால் பார்த்து ஒரு வெடி வைத்தேன். பற்றைக்குள் பத்து அடி ஓடி விழுந்தது. அரை மணித்தியாலம் பொறுத்துத்தான் கிட்டப் போனோம். டோரின் கமராவை எடுத்தாள். அதன்மேல் ஏறி இருக்காதே, சிரிக்காதே, பக்கத்தில் மரியாதையாக இரு என்றாள். நான் முழங்காலில் இருந்து இடக்கையை அதன் கழுத்தில் வைத்தேன். சூடாக இருந்தது. பெருமை, பயம், குற்ற உணர்வு எல்லாம் ஒன்றாக வந்தன. எனக்குத் தெரிந்த தேவாரத்தில் இரண்டு வரி மனதுக்குள் சொன்னேன். அவளும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.

4

யோகா முட்டை பட்ட கரண்டியைத் தொடாத குடும்பத்துப் பிள்ளை. வெள்ளவத்தை ரயில் பாதையில் ஒரு காகம் அடிபட்டதற்கு எனக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதியவள். படங்கள் கழுவி வந்ததும், இவளுக்கு இதை அனுப்பலாமா என்று யோசித்தேன். நான் நன்றாகத்தான் விழுந்திருந்தேன். தாடி, பின்னால் மலை, டோரினுடைய தம்பியிடம் இரவல் வாங்கிய உடுப்பு. நான் படம் அனுப்பி இரண்டு வருடம். கரடி கிடந்தால்தானே அவளுக்கு வருத்தம். கத்தரிக்கோலை எடுத்துக் கரடியை வெட்டிவிட்டேன்.

என் புத்தியைப் பாருங்கள். அந்த உடுப்பு பச்சையும் மண்ணிறமும் திட்டுத்திட்டாக விழுந்த வேட்டை உடுப்பு. மடியில் துவக்கு. சுற்றிலும் காடு. இதில் குற்றமில்லாத ஒரே சீவன் கரடிதான். அதை வெட்டி எடுத்து என் அனுமதிப் பத்திர உறைக்குள் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கடித உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, தமிழர்களை வீடு வீடாகச் சோதிக்கிற கொழும்புக்கு அனுப்பினேன். மலைக்குப் போனேன், நல்ல குளிர் என்று இரண்டு வரி வேறு எழுதினேன். உறையை ஒட்டும்போது விசிலடித்ததாகவும் நினைவு.

5

இனிமேல் சொல்வது பிறகு யோகா சொல்லித் தெரிந்தது.

படத்தைக் கண்டவுடனே எரிக்க வேண்டும் என்று நெருப்புப் பெட்டியோடு குசினிக்குள் போயிருக்கிறாள். குச்சியைத் தட்டினாள், என் முகத்தைப் பார்த்தாள், குச்சி விரலைச் சுட்டு அணைந்தது. மனம் வரவில்லை. அரிசிப் பேணிக்குள் ஆழமாகப் புதைத்து வைத்தாள். மூன்றாம் நாள் காலை பொலிஸார் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். அரிசியைத் தரையில் கொட்டினார்கள், படம் வந்து விழுந்தது.

பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவர்களோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் படத்தை மேசையில் வைத்து, இது யார், எந்த முகாம் என்று கேட்டார். புருஷன், கனடா என்றாள். இன்ஸ்பெக்டருடைய கண் துவக்கில் நிற்கவில்லை. வெட்டிய ஓரத்திலேயே நின்றது.

"கனடாவில் எடுத்த படமென்றால் ஏன் வெட்டினது? பக்கத்தில் இருந்த ஆள் யார்? அவனுடைய தோளில்தானே இவன் கை வைத்திருக்கிறான்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அவளுக்கும் அது தெரியாது. தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அனெக்ஸின் சொந்தக்காரி பொறுப்பு நின்றதால் பின்னேரம் விட்டார்கள். ஆனால் ஐசி என்கிற அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் மற்றப் பாதி வராவிட்டால் விஷயம் மேலே போகும். மேலே போனவர்களைப் பற்றி எழுத வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும். விசா நேர்முகத்துக்கு அப்போது பதினெட்டு நாள் இருந்தது. அடையாள அட்டையை ஒவ்வொரு மறிப்பிலும் எடுத்து நீட்ட வேண்டும், அது இல்லாமல் அவளுக்குக் காலி வீதியின் அந்தப் பக்கம் போய்ப் பாண் வாங்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒரு கொமினிகேஷன் கடைக்கு வருவாள், நான் அங்கே தொலைபேசி எடுப்பேன். கடையில் பத்துப் பேர் நிற்பார்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு காது. அன்றைக்கு அவள் சுகம் விசாரிக்கவில்லை.

"படத்தில உங்கட இடக்கை எதிலயோ கிடக்குது. எதில கிடக்குது?"

எந்தப் படத்தில் என்று கேட்டேன்.

"மிச்சப் பாதி எங்க? அங்க ஓராளுக்கு அது வேணுமாம். என்ர ஐசி அவரிட்ட."

எனக்கு விளங்கியது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பழைய குளிர் என் முதுகுத்தண்டில் ஏறியது. மலைக் குளிரெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

அடுத்த நாள் கரடிப் பாதியைக் கடைக்கு ஃபக்ஸ் பண்ணினேன். கருங்கரடி அல்லவா, அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு கறுப்புச் சதுரம். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு, கரி மூட்டையா என்று கேட்டாராம். முழுப் படத்தைத் திரும்பக் கழுவ நெகட்டிவை நகரத்துக்கு அனுப்பினால் வரப் பத்து நாள் எடுக்கும். டோரின் குசினியைப் பூட்டிவிட்டு, மூன்று மணித்தியாலம் வாகனம் ஓடி என்னைக் கூரியர் கந்தோருக்குக் கொண்டுபோனாள். போகிற வழியில் கதை முழுவதையும் சொன்னேன். எனக்கு அனுப்புகிற படத்தில் நீ கரடியை வெட்டியிருந்தால் உன்னை உதைத்திருப்பேன் என்றாள். வெட்டிய பாதி, அனுமதிப் பத்திரத்தின் பிரதி, கரடி சுடுவதற்கு வாங்கிய அனுமதிச் சீட்டு, அதோடு கரடியைப் பற்றி நான் எழுதிய நாலு பக்கம் எல்லாவற்றையும் அனுப்பினேன். பிறகு ஒவ்வொரு நாளும் அங்கே விடிகிற நேரத்தைக் கணக்குப் பார்த்து, இப்போது கையெழுத்து வைக்கிறாள், இப்போது திரும்பி நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கறி கிண்டினேன். உப்புப் போட்டேனா என்று எனக்கே தெரியாது.

பதின்மூன்றாம் நாள் அது அவளுடைய கைக்குக் கிடைத்தது. அபியையும் கூட்டிக்கொண்டு, நேரே கொண்டுபோய் மேசையில் வைத்தாள். இன்ஸ்பெக்டர் இரண்டு பாதியையும் எடுத்து, விரலால் மெல்ல மெல்லத் தள்ளிச் சேர்த்தார். மணிக்கட்டு கையோடு போய்ப் பொருந்தியது. கை கறுத்த மயிருக்குள் கிடந்தது.

"மேக்க வலஹெக் த?" என்று கேட்டார். இது கரடியா?

"ஓம் சேர், வலஹெக்," என்றாள், பாதி தமிழும் பாதி சிங்களமுமாக.

அவர் காட்டுப்பக்கக் கிராமத்தவர். எங்கள் நாட்டுக் கரடிக்கு நெஞ்சில் வெள்ளைக் கோடு இருக்கும், மயிர் நீளம், இது வேறு சாதி என்றார். அவருடைய தாய்மாமனுக்குக் கரடி அடித்துப் பாதி முகந்தான் இருந்ததாம். மற்ற அறையிலிருந்தவர்களைக் கூப்பிட்டார். ஐந்தாறு காக்கிச்சட்டைகள் மேசையைச் சுற்றி நின்றன. அவர்கள் கேட்கக் கேட்க, யோகா என் நாலு பக்கத்தையும் நின்றபடியே சிங்களத்தில் சொன்னாள். பழம் தின்னுமாம் சேர். ஒவ்வொன்றாக, உதட்டால். ஐந்து மாதம் தின்னாமல் குடியாமல் தூங்குமாம். ஆண் என்றால் காது தள்ளி இருக்குமாம். ஒரு கொன்ஸ்டபிள் ஐந்து மாதமா என்று இரண்டு தரம் கேட்டார். என் மனைவி, கரடியைப் படத்தில் தவிரக் கண்டிராதவள், ஒரு பொலிஸ் நிலையம் முழுவதையும் வாய் பிளக்க வைத்தாள். அந்த நேரத்தில்தான் யாரோ அபிக்கு டொஃபி கொடுத்திருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் தானே ஒட்டுநாடா போட்டு ஒட்டினார். வேறு எந்த மறிப்பிலும் யாரும் கேட்கக்கூடாது என்று பின்னால் முத்திரை குத்தினார். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிறு எடுத்தபோது, படம் ஒட்டியாச்சு என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். கரடியைக் கொன்றதற்கும் சேர்த்துக் கேட்டேன்.

"கரடி செத்தது பெரிசில்லை," என்றாள். "ஆறு வருசத்தில எங்கட பயம் உங்களுக்கு மறந்து போச்சு. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."



6

அவர்கள் அடுத்த வசந்தத்தில் வந்து இறங்கினார்கள். படம் யோகாவின் கைப்பையில் வந்தது. சுவரில் மாட்டச் சொன்னதும் அவள்தான். கரடி இறைச்சி சமைக்க வேண்டுமென்றால் டோரின் வீட்டில் சமைப்பது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

அந்த இலையுதிர் காலத்தில், தன்னையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள் யோகா. துவக்கை அலுமாரியில் பூட்டிவிட்டுப் போனோம். அபி என் மடியில் தூங்கிவிட்டாள். யோகா சேலைக்கு மேல் என் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, கைப்பையையும் விடாமல் மடியில் வைத்துக்கொண்டு, தூரக்கண்ணாடியால் சரிவைப் பார்த்தாள். நான் விபூதி ஊதிக் காற்றுப் பார்த்தேன். மத்தியானம்வரை ஒன்றுமில்லை. பிறகு கீழே, மரம் ஏற்றும் லொறிகள் போகிற மண் தெருவின் கரையில் பற்றை விலகியது.

ஒரு பெரிய கரடி தெருவில் ஏறியது. நடுத்தெருவில் நின்றது. தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது.

பக்கத்தில் ஏதோ அசைவு தெரிந்து திரும்பினேன். யோகா கைப்பையைத் திறந்து தன் அடையாள அட்டையை வெளியே எடுத்துக் கையில் பிடித்திருந்தாள். தான் எடுத்தது அவளுக்குத் தெரியாது. அவளுடைய கண் கரடியில் இருந்தது.

கரடி அவசரமில்லாமல் மிச்சத் தெருவையும் கடந்து, மற்றப் பக்கக் காட்டுக்குள் இறங்கிப் போயிற்று. தெரு சும்மா கிடந்தது. யோகா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் கையிலிருந்த அட்டையைக் கண்டாள். அதைப் பைக்குள் வைத்து மூடினாள்.

"அதை ஒருத்தரும் மறிக்கேல்லை," என்றாள்.